இருவரும் சேர்ந்து வந்தால்

லாடம் அடித்த பூட்ஸ் கருங்கல்லில் உரசும் சத்தம், இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல, தெருமுனையில் தொடங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஸ்ரீவராகத்தில் செருப்பே அதிகம் புழங்காத எங்கள் தெருவில் அந்தச் சத்தத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர்; இருவரும் யுத்தத்தில் வெள்ளைக்காரனின் பீரங்கிப் படையில் இருந்தவர்கள்; இருவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து வந்ததில்லை. பாறசாலை ஞானமுத்து ஓணம் கழிந்த வாரம் கருப்பட்டியோடு வருவார். சாலைக் கடைவீதியில் கயிற்றுக் கடை வைத்திருந்த குட்டன் பிள்ளை பங்குனி உற்சவம் முடிந்ததும் நேந்திரங்காய் வறுவலான "உப்பேரி"யோடு வருவார். தெருப் பிள்ளைகளுக்கு இருவருமே "பீரங்கி மாமா".

அவர்கள் வருவது என் அத்தையைப் பார்க்க. அப்பாவின் தங்கையான அவள், கணவர் அதே படையில் குமாஸ்தாவாக மலேயாவுக்குக் கப்பலேறியதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போது அவள் வயிற்றில் இருந்த விசாலம் வளர்ந்து டைப்ரைட்டிங் பாஸ் செய்த பிறகும் அத்திம்பேர் திரும்பவில்லை. அரசாங்கம் அனுப்பிய தாளில் "காணவில்லை" என்றுதான் இருந்தது. ஆகவே அத்தை தினமும் குங்குமம் வைத்தாள்; வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு அவர் பேரில் தேங்காய் உடைத்தாள்; கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் நின்று ஆரத்தி எடுத்தாள். பார்ப்பவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே அப்பா சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. "ஒருத்தர் வந்தா உள்ளே கூப்பிட்டு உட்கார வை. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா தாழ்ப்பாளைப் போட்டுட்டு என்னை வந்து கூப்பிடு." குழந்தைகள் பூச்சாண்டிக்குப் பயப்பட்ட வயதில் நான் இரண்டு நல்ல மனிதர்கள் ஒன்றாக நடந்து வருவதற்குப் பயந்தேன்.

காரணத்தைப் பின்னால் தாலுகா அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கற்றேன். ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். பன்னிரண்டு வருஷமானால் புல்லால் உருவம் செய்து எரித்துவிடலாம் என்கிறது சாஸ்திரம். இரண்டும் தாமாக எழுந்து வீடு தேடி வருவதில்லை. மனைவி மனுப் போட வேண்டும். அத்தை போடவில்லை. மிச்சமிருந்த வழி, கூட இருந்து கண்ணால் கண்ட இருவர் ஒன்றாக வந்து ஒரே விஷயத்தைச் சொல்வது. ஒருவர் சொன்னால் அது தகவல்; கோப்பில் கட்டி அலமாரியில் வைக்கலாம். இருவர் சொன்னால் அது சான்றிதழ். கூட்டத்துக்கு இருப்பதுபோல சாவுக்கும் "கோரம்", அதாவது குறைந்தபட்ச ஆள்கணக்கு, உண்டு என்பதை அரசு ஊழியர்களும் புரோகிதர்களும் ஒருமனதாக ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகும் வேறு விஷயம் எனக்குத் தெரியாது.

பீரங்கிச் சத்தத்தில் இருவருக்குமே காது போயிருந்தது. அதனால் பேச்செல்லாம் உரத்த குரலில்தான். மூன்றாம் வீட்டுக்காரர்கூட அரிசி களைந்துகொண்டே யுத்தம் கேட்கலாம். சேற்றில் புதைந்த பீரங்கியை நாற்பது பேர் இழுத்தது, வெள்ளைக்கார மேஜர் தேளுக்குப் பயந்து மேசைமேல் தூங்கியது, அத்திம்பேர் அவருக்கு ரசம் குடிக்கப் பழக்கியது என்று கதை நீளும். எப்போதும் ஒரு காலை நேரத்தில், ரப்பர்த் தோட்டத்தில் மழை விட்டது என்கிற இடத்தில், கதை நின்றுவிடும். வந்தவர் பூட்ஸுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார். அத்தையும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை. இரண்டு பேரின் கதையும் அதே மழையில் நின்றதை நான் ஒன்பது வயதில் கவனித்தேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பழவங்காடியில், அத்தை தேங்காயோடு உள்ளே போயிருந்தபோது, எதிர்ச் சாரியில் இருவரும் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும், முன்பின் தெரியாதவர்கள்போல ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் நடந்தார்கள். குட்டன் பிள்ளை குடையை மறந்து மழையில் நனைந்தபடி போனார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அத்தைகிட்டே சொல்லாதே" என்றார்.

அடுத்த வருஷம் விசாலத்துக்கு ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. யுத்தத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய டைப்பிஸ்ட் வேலை. வயது வரம்பு அவளுக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை பொதுப்பட்டியலில் பரீட்சை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. "தகப்பனார் இறந்த தேதி" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அவள் எல்லாவற்றையும் நிரப்பி, பாரத்தை மடித்துப் புடவைக்கடியில் வைத்தாள். அத்தை அதை எப்போது பார்த்தாள் என்று தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ தவறாக இருந்தது. சுரண்டலுக்கும் சுரண்டலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து கதவின்மேல் கையை ஊன்றி நின்றார்.

"அம்மா, ஞானமுத்து வந்திருக்கேன்" என்றது வெளியே ஒரு குரல். சற்று நேரம் கழித்து இன்னொன்று: "குட்டன் பிள்ளையும் உண்டு."

அத்தை சமையலறையிலிருந்து வந்தாள். கூறைப்புடவை கட்டியிருந்தாள், குங்குமம் வழக்கத்தைவிடப் பெரிது.

"தெறங்கோ அண்ணா. ரெண்டு பேருக்கும் நான்தான் கார்டு போட்டேன்."

"என்ன செய்யறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியா?"

"பழவங்காடியிலே ஒரு குடையிலே நின்னவா நம்மாத்துக் குழந்தையைக் கண்டதும் திசைக்கு ஒருத்தரா ஓடினதை நானும் உள்ளேருந்து பார்த்தேன். அது எதுக்குன்னு நேக்குத் தெரியாதா? தெறங்கோ."

அவர்கள் பெஞ்சின் இரு நுனிகளில் உட்கார்ந்தார்கள். ஞானமுத்துவுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு தனி டம்ளர் உண்டு. அன்று அத்தை அதை எடுக்கவில்லை. வீட்டு டம்ளர்களில் காபி கொண்டுவந்து இருவருக்கும் தன் கையால் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. செய்தி காதில் விழுந்த நொடியிலிருந்துதான் தீட்டு. விழுந்துவிட்டால் அவள் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது.

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். குட்டன் பிள்ளை காதருகே கையைக் குவித்தார். மறுபடி கேட்டாள். ஞானமுத்துவுக்கும் எட்டவில்லை. கடைசியில், இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தன்னிடம் சொல்லிவிடாமல் காத்த அந்தச் சொல்லை, அவளே தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"என் ஆத்துக்காரர் செத்துப்போயிட்டாரா?"

எதிர்வீட்டு உலக்கைச் சத்தம் நின்றது.

"ஆமாம்மா" என்றார் ஞானமுத்து. "மழை விட்டதும் ஏரோப்ளேன் வந்துது. நாங்க ரெண்டு பேருந்தான் குழி வெட்டினோம்."

"சத்யம். நானும் கூடவே இருந்தேன்" என்றார் குட்டன் பிள்ளை.

"விசாலம், அந்தப் பாரத்தை எடுத்துண்டு வா" என்று சொல்லிவிட்டு அத்தை கிணற்றடிக்குப் போனாள். உள்ளே அவர்கள் தேதி சொல்லிக் கையெழுத்திடும்வரை பின்கட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தவளின் நெற்றியை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

விசாலத்துக்கு வேலை கிடைத்தது. அவர்கள் இருவரும் அதன்பின் வரவில்லை. வாக்குமூலம் முடிந்த சாட்சிக்கு மறுபடி அழைப்பு அனுப்பும் வழக்கமில்லை. அத்தை அதன்பிறகு பழவங்காடிக்குப் போகவில்லை.

இன்று எங்கள் தெருவில் கருங்கல் இல்லை, சிமெண்ட் கட்டை பாவிவிட்டார்கள். யார் வந்தாலும் சத்தமில்லாமல் வருகிறார்கள். காணாமல் போனவருக்கு மனுவையும் கணினியிலேயே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். நான் வேலையில் இருந்தவரை, சாட்சிகள் இருவரும் மனைவியும் என் மேசைமுன் வந்து நிற்பார்கள். பாரத்தைத் தொடுவதற்கு முன் மூவருக்கும் காபி வரவழைப்பேன். மேடம் தாராளம் என்று பியூன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கடைசி வாய் குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை, நான் பேனாவைத் திறந்ததில்லை.