ஆடி மாதத்துக்கு லீவு போட்ட கம்ப்யூட்டர்

பெயின்ட் தின்னர் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடும்...

படிப்பு முடித்து நான் போன முதல் வேலை, புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. ஆபீஸ் ரூமுக்கும் பெயின்ட் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் குழம்பு வாசனைக்கு முன்னால் தின்னர் வாசனை வந்து நிற்கும்.

என் வேலை ஆர்டர் கன்ஃபர்ம் பண்ணுவது. என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள், தெரியும். எங்கள் பட்டறையில் ரெடிமேடாக எதுவும் கிடையாது. லாரிக்காரர்கள் எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸைக் கொண்டு வந்து நிறுத்தி, அவரவர் சரக்குக்கு ஏற்ற அளவு சொல்வார்கள். அதைப் போட்டு கன்ஃபர்ம் அழுத்தினால், எந்தத் தகடு, எந்த வெல்டர், வண்டி என்றைக்கு ரெடி என்று எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே முடிவு செய்து, அவர்கள் போனுக்கு மெசேஜும் அனுப்பிவிடும்.

அப்புறம் தகடு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருத்தர் அளவுக்கு வெட்டியது இன்னொருத்தருக்கு ஆகாது. அந்தப் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.

ஒரு ஆனி மாதம் செல்லமுத்து அண்ணன் வந்தார். காலமெல்லாம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர், முதன்முதலாகச் சொந்த வண்டி. ஆவணி பிறந்ததும் முட்டை லோடுக்கு வரச்சொல்லி ஒரு கோழிப்பண்ணையில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பண்ணையின் முட்டை அட்டை அளவுக்கே பாடி கட்டச் சொன்னார்.

கன்ஃபர்ம் அழுத்தினேன்.

தேதி வந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்... புரட்டாசி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் மெசேஜ் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே அவரும் அவர் மனைவியும் வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஏனுங்க சாமி, இந்தத் தேதி நெசந்தானுங்களா? பொரட்டாசில யாருங்க முட்ட திங்கறாங்க? அதுக்குள்ள பண்ணைல வேற வண்டிய வெச்சுக்குவாங்க."

அந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "டிரைவர் வேலையவும் உட்டுட்டாருங்க கண்ணு."

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் நான் திரையையே பார்த்தேன். வேலைத் திட்டத்தைத் திறந்தேன். ஆனிக் கடைசி வரைக்கும் கட்டம் கட்டமாக வேலை. அப்புறம் ஆவணியில் வேலை. நடுவில் ஒரு மாதம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

ஆடி!

சாஃப்ட்வேர் போட சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து வந்தவரிடம் எங்கள் முதலாளி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆடில ஒருத்தரும் புது வண்டி எடுக்க மாட்டாங்க. அந்த மாசத்த லீவுன்னு போட்டுருங்க தம்பி." அவரும் அப்படியே போட்டுவிட்டார். வண்டி எடுக்கத்தான் ஆடி ஆகாது, வெல்டிங்குக்கு என்ன? கம்ப்யூட்டர் மொத்தப் பட்டறையையும் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதுவரை வந்த ஆர்டர்களுக்கு ஆவணித் தேதி விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

லீவை எடுத்துவிடலாம். ஆனால் போட்டவர் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார், "அதுல மட்டும் கை வெக்காதீங்க மேடம், எல்லா ஆர்டரும் மாறிரும்" என்று. முதலாளி கரூர் போயிருந்தார். போன் போட்டேன்.

"லைன்ல சத்தமே கேக்கல. நீயே பாத்துச் செய்யி கண்ணு." வைத்துவிட்டார்.

இன்றோடு வேலை போச்சு என்றே நினைத்தேன். லீவை எடுத்தேன்... திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி முதல் வாரம் என்று வந்தது.

அக்கா எழுந்து வந்து அந்தத் தேதி மேல் விரல் வைத்துப் பார்த்தார். "இனி மாறாதுங்களே கண்ணு?"

"மாறாதுக்கா" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. முன்னால் இருந்த ஆர்டர்கள் எல்லாம் ஆடிக்கு வந்துவிட்டன, சாஃப்ட்வேர் அத்தனை பேருக்கும் மெசேஜ் தட்டிவிட்டது. "ஏம்மா, ஆடில வண்டி எடுக்கச் சொல்றியே, நாங்க நல்லாருக்கறது புடிக்கலியா உனக்கு?" பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

முதலாளி வந்தபோது நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் போனை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்காகச் சொன்னார். "வேலைதானுங்க ஆடில முடியுது. வண்டிய உங்க நல்ல நாள்ல எடுத்துக்கங்க." கடைசியில் என்னைப் பார்த்து, "லீவுன்னு சொன்னது நாந்தானே, நீ ஏன் மொகத்த அப்பிடி வெச்சிருக்கற" என்றுவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

ஆவணியில் செல்லமுத்து அண்ணன் வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சேலத்தில் பெரிய கம்பெனி. அதே மாதிரி வேலைதான், ஆனால் ஆர்டர் தானாகவே கன்ஃபர்ம் ஆகிவிடுகிறது. நான் எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்க வேண்டியதில்லை. நிம்மதிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப் போனது. திரையில் பச்சையாக இருந்த கோடு மஞ்சளானது, அவ்வளவுதான். யாருடையது என்று தேடினேன். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, ஒரு கஸ்டமர் எண் மட்டும் இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "மெயில் ஆட்டோமேட்டிக்கா போயிருக்கும்க்கா, விடுங்க" என்றாள்.

போயிருக்கும். எங்கோ ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்... யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று எனக்கும் தெரியாது.