சாமிக்குச் சொந்தமான குப்பை

ஜீப்பு வாங்குனது என் புத்தி கெட்ட நேரம்னு என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் சொல்றா. நான் ஒத்துக்கிட மாட்டேன். வாங்குனது நல்ல நேரந்தான். அதை ஊருக்குள்ள கொண்டுவந்து பவுசு காட்டுனதுதான் கெட்ட நேரம்.

எனக்கு அருப்புக்கோட்டையில ஒரு பாத்திரக்கடை இருக்கு. ஊரு திருச்சுழிக்குப் பக்கத்துல ஒரு கரிசக்காட்டுக் கிராமம். ஊருல நமக்கு ஒரு மருவாதி உண்டு. வருசா வருசம் எங்க அய்யனார் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு, சர்க்கரைப் பொங்கல் போட்டுக் குடுக்கிற கவர் நம்ம உபயம். முந்தியெல்லாம் இலையில குடுப்பாக. கையெல்லாம் ஒட்டுது, கவர்ல போட்டுக் குடுத்தா நாகரிகமா இருக்கும்லன்னு யோசனை சொன்னதே நாந்தான். பச்சைக் கலர்ல, கடை பேரு பெருசாத் தெரியிற மாதிரி அடிச்சுக் குடுப்பேன். மூணு வருசமா மைக்குல நம்ம பேரைச் சொல்லும்போது நான் எங்கிட்டோ பாக்குற மாதிரி நிப்பேன், காது மட்டும் மைக்குப் பக்கம் இருக்கும்.

அம்பது வயசுக்கு மேல திடீர்னு ஒரு கிறுக்குப் பிடிச்சு, நாலு சக்கரமும் சேந்து இழுக்கிற பழைய ஜீப்பு ஒன்னு வாங்குனேன். மதுரையில ஒரு வாட்ஸப் குரூப்புல சேத்துவிட்டாக. அதுல டாக்டரு, எஞ்சினியரு, ஹோட்டல் வச்சிருக்கிறவரு எல்லாம் இருந்தாக. ஞாயித்துக்கிழமை ஆனா, ரோடு இல்லாத எடமாத் தேடிப் போயி வண்டி ஓட்டுறதுதான் அவுகளுக்குப் பொழுதுபோக்கு. எனக்குச் சிரிப்பாணி தாங்கல. ரோடு போட்டுக் குடுங்கன்னு முப்பது வருசமா மனு எழுதிக்கிட்டிருக்கிற ஊருக்காரன் நான். இவுக என்னடான்னா ரோடு இல்லாத எடம் எங்கய்யா இருக்குன்னு கேக்குறாக. நம்ம ஊருக்கு வாங்க சார், வேணுங்கிற மட்டும் இருக்குன்னேன்.

ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை, காரியாபட்டி வழியா ஆறு வண்டி வந்து எறங்குச்சு. முந்தின நாள் ஒரு மழை பெஞ்சிருந்துச்சு. மழை பெஞ்ச கரிசல்ல செருப்போட பத்தடி நடந்தா ஒவ்வொரு செருப்பும் ரெண்டு கிலோ கனக்கும். எங்க ஊருல நடக்கப் பழகுற புள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா ஜீப்புல உக்காந்த ஒடனே அந்த அறிவு எங்கிட்டுப் போச்சோ! நாலு சக்கரமும் இழுக்குறப்போ கரிசல் என்ன செஞ்சிரும்னு நானே முன்னால போனேன்.

எங்க அய்யனார் கோயில் காட்டுக்குப் பக்கத்துல போனவன், போனவன்தான். சக்கரம் நாலும் சேந்து என்னைய மண்ணுக்குள்ள எறக்குச்சு. என்னையக் காப்பாத்த வந்த டாக்டர் வண்டி எனக்குப் பின்னால மாட்டுச்சு. அவரைக் காப்பாத்த வந்தது அவருக்குப் பின்னால. அரை மணி நேரத்துல என்னோடதையும் சேத்து ஏழு வண்டியும் நாத்து நட்ட மாதிரி வரிசையா நின்னுச்சு. பாலவனத்தத்துல இருந்து எங்க மாமன் மகன் டிராக்டரைக் கொண்டு வர மூணு மணி நேரம் ஆச்சு. வந்தவன் வண்டியை விட்டு எறங்கல. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சான். அவன் சிரிச்சு முடிக்க ஒரு கால் மணி நேரம்.

அந்த மூணு மணி நேரமும் எல்லாரும் கோயில் காட்டு நெழல்ல உக்காந்திருந்தோம். வேம்பும் விடத்தலையும் அடைஞ்சு கெடக்கிற காடு அது. அங்க இருந்து ஒரு குச்சியக்கூட ஒடிச்சு வெளிய கொண்டு போகக் கூடாது. சாமிப் பொங்கலைக்கூட அங்கயே தின்னுட்டு வந்துறணும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. டாக்டரு இரும்புக் கயிறை ஒரு மரத்துல கட்டி வண்டியை இழுக்கலாமான்னு கேட்டாரு. மரத்தத் தொட்டீங்க, நடக்கிறதே வேறன்னு சத்தம் போட்டேன். பெரிய காவக்காரன்! பாவம், எல்லாரும் பயந்துபோயி எல்லைக்கல்லுகிட்டயே ஷூவக் கழட்டிப் போட்டுட்டு, வெறுங்காலோட மருவாதியா உள்ள போயி, சாமியக் கும்புட்டு, புரோட்டா சால்னாவும் சிப்ஸும் தின்னுட்டு, பாட்டிலு, பேப்பர் பிளேட்டு, சால்னாக் கவரு அத்தனையும் அங்கயே போட்டுட்டு வந்தாக. அதுல நானும் ஒருத்தன். வெறுங்காலோட போயிக் குப்பை போட்டா பாவம் இல்லன்னு எவன் சொன்னானோ தெரியல.

மறுநாள் காலையில நான் பல்லு வெளக்கிக்கிட்டிருக்கும்போது, எதிர்த் தெருவுல இருக்கிற மதினி, ஒன்னுவிட்ட அண்ணன் பொண்டாட்டி, பதினோரு ஆட்டப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் ஜீப்பு பம்பர்ல ரெண்டு, கேட்டுல மூணு, முருங்கை மரத்துல நாலு, மிச்சத்தை வாசப்படிக் கம்பியில கட்டிப் போட்டுச்சு.

"என்ன மதினி இது?"

"ஆடு."

"அது தெரியுது. இங்க எதுக்குக் கட்டுறீக?"

"கொழுந்தனாரே, வெள்ளாமைக் காடு பூராம் வெதச்சுக் கெடக்கு. இப்ப ஆடு மேய ஒரே எடம் கோயில் காடுதான். அங்க ஒங்க கூட்டாளிமாரு விருந்து வச்சுட்டுப் போயிருக்காக. சால்னா வாசத்துக்கு என் ஆடு கவரோட முழுங்கிரும். ரெண்டு சினையா நிக்கிது. நீங்க அதைச் சுத்தம் பண்ணுற வரைக்கும் இதுகளுக்குத் தீனியும் நீங்கதான், தண்ணியும் நீங்கதான்."

போன வருசம் சித்திரையில மதினியோட நல்ல தாயாடு ஒன்னு வயிறு ஊதிச் செத்துப் போச்சு. அறுத்துப் பாத்தா உள்ள தழையும் பிளாஸ்டிக்குமா சுருண்டு ஒரு பந்து கெடந்துச்சு. அண்ணன் திருப்பூர்ல கூலிக்குக் கெடக்குறாரு. இங்க அடுப்பெரியறதும் மகள் காலேசு போறதும் இந்த ஆட்டை வச்சுத்தான். அன்னைக்கு மதினி தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துச்சு. நானும் கூட நின்னு, "கண்ட எடத்துல கவரைப் போட்டவன் வெளங்குவானா, நாசமாப் போவான்"னு நல்லாவே ஏசுனேன்.

குப்பை பொறுக்குறது என்ன கம்ப சூத்திரமா, அரை மணி நேர வேலைன்னு சாக்கத் தூக்கிக்கிட்டுப் போனேன். எல்லைக்கல்லுகிட்ட பூசாரி மறிச்சாரு. அவரு எங்க பங்காளி. நாள் பூராம் ஷேர் ஆட்டோ ஓட்டுவாரு, வெள்ளிக்கிழமைன்னா வேட்டி மாத்திப் பூசாரி.

"சாக்குல என்னத்தக் கொண்டு போகப் போறீக?"

"குப்பைய்யா."

"உள்ள வந்தது எதுவும் வெளிய போகக் கூடாது. தெரியாதா?"

"அது குச்சிக்கும் காயிக்கும் சொன்னதுய்யா. இது சிப்ஸ் பாக்கெட்டு."

"சாமி வந்து, சிப்ஸ் பாக்கெட்டு நீங்கலாகன்னு சொல்லுச்சா? உள்ள வந்துருச்சுல்ல, சாமிக்குச் சொந்தம்."

அட கூறுகெட்ட மனுசான்னு மனசுக்குள்ள ஏசிட்டு, அவரு அந்தப் பக்கம் போனதும் ஒரு பாட்டிலை எடுத்துக்கிட்டு எல்லைக்கல்லு வரைக்கும் வந்தேன். வந்தேனா, காலு தாண்ட மாட்டேங்குது. இங்க கெளை ஒடிச்சவனுக்குக் கை வெளங்காமப் போன கதையைச் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த காலு. பட்டப்பகல், ஆளு இல்ல, கையில ஒரு காலிப் பாட்டிலு, எனக்கு வேர்த்து ஊத்துது. பாட்டிலை எடுத்த எடத்துலயே, எடுத்த மாதிரியே படுக்க வச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுல இன்னொரு கூத்து. தெனமும் தொரட்டியத் தூக்கிக்கிட்டுத் தழை ஒடிக்கப் போறது என் வேலை ஆயிருச்சு. முதல் நாள் என் பொண்டாட்டி ஆசையா வளத்த மல்லிகைச் செடி போச்சு. ரெண்டாம் நாள் கல்யாணப் பத்திரிகை ரெண்டு. யாரு வீட்டுக் கல்யாணம்னு படிக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மூணாம் நாள் ஒரு கெடாக்குட்டி ஜீப்பு பானெட்டுல ஏறி, கண்ணாடி வழியாக் கூரைக்குப் போயி நின்னு என்னையப் பாத்துச்சு. கரிசல்ல என் நாலு சக்கரத்தால முடியாததை அது நாலு காலால செஞ்சிருச்சு. எறங்கி வரும்போது சீட்டைக் கொஞ்சம் தின்னுட்டு வந்துச்சு.

"ஜீப்பு இல்லாட்டி ஆடு இல்ல, ஆடு இல்லாட்டி மல்லிகை இருந்திருக்கும்"னா என் பொண்டாட்டி. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதனாலதான் எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

கடைசியில பூசாரிகிட்டப் போயி, பூக் கட்டிப் பாத்து சாமியவே கேட்டுருவோம்னேன். வெள்ளை அரளியை ஒரு இலையிலயும் செவ்வரளியை ஒரு இலையிலயும் மடிச்சுப் போட்டு, ஒன்னை எடுக்கணும். வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா இல்ல. மதினிதான் எடுத்துச்சு. செவப்பு.

"அய்யனாரே, என் ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு மதினி அழுதுருச்சு. பூசாரி கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு, "போட்டவுக வரணும். அவுக கையால எடுக்கணும். அதான் சாமி மறிக்குது"ன்னாரு.

குரூப்புல போட்டேன். ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தருக்குச் சடங்கு வீடு, ஒருத்தரு கையெடுத்துக் கும்புடுற படத்தை மட்டும் போட்டுட்டுப் போயிட்டாரு. சரிதான்னு மறுநாள் வேற மாதிரிப் போட்டேன். "சார், புது எடம் ஒன்னு பாத்து வச்சிருக்கேன். போனதைவிடக் கஷ்டமான எடம். தைரியம் உள்ளவுக மட்டும் வாங்க." அம்புட்டுத்தான், இடுப்பு வலி போன எடம் தெரியல. ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம ஆறு வண்டியும் வந்து நின்னுச்சு.

எல்லைக்கல்லுகிட்ட ஆளுக்கொரு சாக்கைக் குடுத்து விசயத்தைச் சொன்னேன். டாக்டரு வண்டிக் கண்ணாடியில 'இயற்கையை நேசிப்போம்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அவரு அதைத் திரும்பிப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ஷூவைக் கழட்டுனாரு. நல்ல மனுசங்கதான், பொய் சொல்லக் கூடாது.

பூசாரி மறுபடி பூப் போட்டாரு. மதினி ஒன்னை எடுத்துச்சு. வெள்ளை வந்துச்சு. மதினி போட்ட கொலவையில மரத்துல இருந்த கொக்கெல்லாம் பறந்துருச்சு.

ஆளும்பேருமாப் பொறுக்குனோம். ஒரு மணி நேரத்துல அன்னைக்குப் போட்டது அத்தனையும் வந்துருச்சு. மொத்தமே ஒன்னரைச் சாக்கு. முடிஞ்சது மதினி, ஆட்ட அவுத்துட்டு வந்துருங்கன்னு நான் கையத் தட்டிக்கிட்டு நிமிந்தேன்.

மதினி நிமிரல. பொங்க வைக்கிற எடத்துக்குப் பின்னால, சருகைக் காலால தள்ளிட்டுக் குனிஞ்சு எதையோ இழுத்துச்சு. மண்ணுக்குள்ள இருந்து ஒரு கவரு வந்துச்சு. அதோட ஒட்டிக்கிட்டு இன்னொன்னு. அடியில இன்னும். விடத்தலை மரத்துத் தூருல ஒரு குமியே இருந்துச்சு. எல்லாரும் அங்கிட்டுப் போயி அள்ள ஆரம்பிச்சாக. சாக்கு பத்தல. டாக்டரு வண்டியில இருந்து தார்ப்பாயைக் கொண்டு வந்து விரிச்சாக. பூசாரி 'போட்டவுக கையால'ன்னு ஏதோ சொல்ல வாயெடுத்தவரு, இதை யாரு போட்டதுன்னு அவருக்கும் தெரியும்ங்கிறதுனால துண்டை இடுப்புல கட்டிட்டு அவரும் குனிஞ்சாரு.

டாக்டரு ஒரு கவரை ஒதறி, மண்ணைத் தொடச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. படிச்சுட்டு வெள்ளந்தியாத்தான் கேட்டாரு.

"சார், இது ஒங்க கடை பேருல்ல?"

பச்சைக் கவரு. மூணு பங்குனியோட கவரு. பொங்கலை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு அங்கயே நின்னு தின்னுட்டு, வெல்லம் ஒட்டுன கவரை அங்கயே போட்டுட்டு வந்தது ஊரு. கவரு குடுத்தது நான். கூட்டாளிமாரு முன்னால மாட்டிக்கிட்டமேன்னுதான் எனக்கு மொதல்ல கூச்சம் வந்துச்சு. அப்புறந்தான் மதினி மூஞ்சியப் பாத்தேன்.

மதினி கவர் ஒன்னை வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு.

"அன்னைக்கு அது வயித்துல பச்சை பச்சையாக் கெடந்துச்சே கொழுந்தனாரே. நான் தழைன்னுல்ல நெனச்சேன்."

போட்டவன் வெளங்குவானான்னு அன்னைக்குத் தெருவுல நின்னு நான் ஏசுனதெல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வந்துச்சு. ஏசுறதுல நான் ஒன்னும் கொறை வைக்கல. மன்னிச்சிருங்க மதினின்னு சொல்லணும். காலைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஏசப்போகுது, மண்ணை வாரப்போகுதுன்னு நெனச்சேன், வாரட்டும்னு இருந்துச்சு.

மதினி அந்தக் கவரை நாலா மடிச்சுச் சாக்குல போட்டுச்சு. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு, சத்தம் இல்லாமச் சொல்லுச்சு.

"ஒங்க வீட்டுல ஆட்டக் கட்டுனது சரிதான். என்ன, ஒரு வருசம் லேட்டாக் கட்டிப்புட்டேன்."