பெயர் மாற்றிய கம்பெனியும் பேசாத சென்சாரும்

போன வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் எதற்கு? சொன்னாலும் பிரயோஜனம் இல்லை... சமீபத்தில்தான் யாரோ அதை வாங்கி, பெயரையே மாற்றிவிட்டார்கள்.

நான் ஏறிய ஷேர் ஆட்டோக்காரருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் பழைய பெயரைச் சொல்லித்தான் ஆள் ஏற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"புதுப் பேரச் சொன்னா எவன் சார் ஏறுவான்? வண்டி காலியாத்தான் போவும்."

எனக்கு மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

உள்ளே நிலவரம் வேறு. பெயர் மாற்றத்தைத் திருவிழாவாகவே நடத்தியிருந்தார்கள். கேட்டில் புது ஆர்ச். கேன்டீன் டம்ளரில் புது லோகோ. குப்பைத் தொட்டியிலும் அதே லோகோ! காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குப் புது டி-ஷர்ட் வேறு. வேலை நிரந்தரமாயிற்றா என்று கேட்காதீர்கள் — மாறியது டி-ஷர்ட் மட்டும்தான்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? அங்கே மெஷின்களுக்கான கன்ட்ரோல் போர்டு தயாராகிறது. அதில் சூட்டை அளக்க ஒரு சென்சார் உண்டு; அதுவும் அவர்கள் தயாரிப்புதான். அந்த சென்சாரை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் அடியேன். (பத்தி எழுதுவது வாரத்தில் ஒரு நாள், சோறு போடுவது இந்த வேலைதான்.) முந்தின நாள் காலையிலிருந்து ஒரு போர்டுகூட டெஸ்ட்டில் பாஸ் ஆகவில்லை. எல்லாம் சிவப்பு விளக்கு.

நான் போய்ச் சேர்வதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். லைனில் நாலாவது ஸ்டேஷனில் போர்டுகளை டெஸ்ட் செய்யும் பெண்மணி. பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர். காண்ட்ராக்ட். நான் கேட்டபோது மஞ்சுளா என்று பெயர் சொன்னார். சிவப்பு விளக்கு எரிவது அவர் மேஜையில். ஆகவே தப்பு அவர் கையில்... சூப்பர்வைசர் குமரேசனின் ஆராய்ச்சி அத்தோடு முடிந்திருந்தது.

"ஸ்டேஷன் நாலு ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாம போர்டத் தொட்டிருக்கு சார். கையில இருக்கிற ஸ்டாட்டிக்ல சென்சார் அவுட்டு. ஷிஃப்ட் முடிஞ்சதும் கேட் பாஸ வாங்கிக்கினு அனுப்பச் சொல்லிட்டேன்," என்றார். (உடம்பில் தேங்கும் மின்சாரம் போர்டைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டைதான் ரிஸ்ட் ஸ்ட்ராப்.)

மஞ்சுளா கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் பட்டை இறுகிய தழும்பு தெரிந்தது.

"நாலு வருசமா கட்டிக்கினுதான் கீறேன் சார். ஒரே நாள்ல எங்கையில இன்னா கரன்ட் பூந்துச்சாம்? வூட்டுக்காரருக்கு வேல போயி ரெண்டு மாசம் ஆவுது. நானும் வெளிய போனா அடுப்பு எரியாது சார்."

ஒரே ஒரு காரியம் செய்தேன். போன மாதமே பாஸாகி ஸ்டோரில் பேக் ஆகியிருந்த ஒரு போர்டை எடுத்துவரச் சொன்னேன். இப்போதைய சாஃப்ட்வேரை நானே அதில் ஏற்றி, நானே டெஸ்ட் செய்தேன். சிவப்பு!

"இதுவும் இந்தம்மா கை பட்டதாலதானா?" என்று கேட்டேன்.

என் டிரைவரைத் திறந்து பார்த்தால்... நான் சென்சாரின் பெயரை எழுதியிருந்த இடத்தில், பழைய கம்பெனிப் பெயருக்குப் பதில் புதுப் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பயப்படாதீர்கள். சென்சார் தயாராகும்போதே அதற்குள் ஒரு பெயரைப் பதிந்துவிடுவார்கள். போர்டுக்குக் கரன்ட் வந்ததும் கர்னல் — அதாவது எல்லா டிரைவர்களையும் மேய்க்கும் மென்பொருள், உள்ளே இருக்கும் தலைமை நிர்வாகி — "நீ யாரப்பா?" என்று கேட்கும். சென்சார் தன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு எந்த டிரைவர் பொறுப்பு என்று கர்னல் தேடும். பொருந்தினால் வேலை ஆரம்பம். பொருந்தாவிட்டால்? சண்டை இல்லை, கூச்சல் இல்லை. சென்சார் பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

அதனால்தான் கர்னல் எழுதுகிறவர்கள் பெயர் விஷயத்தில் மகா கறார். தயாரித்தவர் பெயரைச் சுருக்கி, கூடவே பாகத்தின் எண் — முடிந்தது. 'சூப்பர்', 'ப்ரோ' எல்லாம் நடக்காது. முதலாளியின் பேரன் பெயரும் நடக்காது. கம்பெனி கைமாறினாலும் வைத்த பெயரை லேசில் மாற்ற மாட்டார்கள். மூடிப் புல் முளைத்த கம்பெனிகளின் பெயரில் டிரைவர்கள் இன்றும் சமர்த்தாக ஓடுகின்றன. அந்த ஷேர் ஆட்டோக்காரர் கர்னலில் வேலை பார்க்க வேண்டியவர்!

இங்கே நடந்தது என்ன? தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பிராண்ட் மேனேஜர், 'பழைய பெயர் எங்கேயும் கண்ணில் படக்கூடாது' என்று மெயில் போட்டிருக்கிறார். டம்ளர், தொட்டிக்கு அடுத்து, ஐ.டி. டீம் பயந்துபோய் டிரைவரிலும் பெயரை மாற்றிவிட்டது. சென்சாருக்கு யாரும் மெயில் போடவில்லை. அது பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

பிராண்ட் மேனேஜரிடம் சொன்னேன். "பட் சார்... உள்ள ஓல்ட் நேம் இருந்தா நம்ம இமேஜ் என்ன ஆகும்?" என்றார் கவலையோடு.

"கஸ்டமர் கர்னலைப் பிரிச்சுப் பார்க்கவா மெஷின் வாங்குறார்? ஸ்கிரீன்ல உங்க பேரைத் தங்கத்துலகூட எழுதிக்குங்க. உள்ளே மட்டும் கை வைக்காதீங்க."

பெயர் பழையபடி ஆனது. முதல் போர்டு பச்சை. அடுத்ததும் பச்சை. கேட் பாஸ் உத்தரவு சத்தமில்லாமல் வாபஸ் ஆயிற்று. ரிப்போர்ட்டில் காரணம்: 'கம்யூனிகேஷன் கேப்'. மஞ்சுளாவிடம் ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

"ஏய் நாலு! போய் உக்காரு, லைன் நிக்குது பாரு!" என்றார் குமரேசன்.

மஞ்சுளா அசையவில்லை.

"நாலு! உன்னத்தான்!"

ம்ஹூம். காதில் விழாமல் இருக்க வழியே இல்லை; பக்கத்தில்தான் நின்றார். போர்டுகள் அவர் மேஜை முன்னால் வந்து முட்டி நின்றன. குமரேசன் எட்டி அவர் ஐ.டி. கார்டைப் பார்த்தார். அட்டை முழுக்கப் புது லோகோ; பெயரைக் காணோம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பேர் இன்னாம்மா?"

"மஞ்சுளா."

"மஞ்சுளா... உக்காரும்மா."

உட்கார்ந்தார். லைன் ஓடியது.

சரியான பெயரைச் சொன்னால்தான் வேலை ஆரம்பம்... கர்னலில் இது ரொம்பப் பழைய விதி!