மன்னாருக்குப் போன துண்டுகள்

அம்மா இறந்தது மாசி மாதத்தில், மொன்றியல் குளிரின் நடுவில். கடைசிக் காலத்தில் அவர் எங்களோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில்தான் இருந்தார். தம்பி மன்னாரில். அவனுக்கு விசா கிடைக்கவில்லை. அம்மாவின் சாவைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது அவன் அழவில்லை.

"எல்லாத்தையும் வீடியோ எடுங்கோ அக்கா. ஒண்டையும் விடவேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

எங்கள் தேவாலயப் பங்கில் கலியாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரே வந்து எடுத்து டிவிடி போட்டுத் தந்தார். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு பிரதி எடுத்துத் தபாலில் போட்டேன். அது போய்ச் சேரவில்லை. அடுத்து அனுப்பிய பிரதி சேர்ந்தது. ஆனால் யாரோ உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருந்தார்களாம், உள்ளே தட்டு உடைந்து கிடந்ததாம். தம்பி இதைச் சொன்ன காலையில் நான் மகளுக்குப் பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளைக் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும்.

"நெற்றால அனுப்ப ஏலாதோ அக்கா?"

"பெரிய ஃபைல் தம்பி. ஈமெயில் அதைத் தாங்காது."

"நீங்கள் கொம்பியூட்டரிலதானே வேலை செய்யிறியள்?"

ஓம், அதில்தான் வேலை. புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகம். கடைகளிலிருந்து வரும் இருப்பு விபரங்கள் ஒரே பெரிய கோப்பாக வந்து விழும். அங்கிருந்த பழைய மெசின் அவ்வளவையும் ஒரேயடியாக வாங்காது. நான் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பேன். வருடக்கணக்காகச் செய்த வேலை. அம்மாவின் சாவுக்கும் அதே வரி உதவும் என்று அன்று காலை காரில் போகும்போதுதான் தோன்றியது.

என் மேலாளர் கியூபெக்காரர். அதிகம் பேசாத மனிதர். மத்தியான இடைவேளையில் அலுவலக இணைப்பைப் பாவிக்கலாமா, அம்மாவின் இறுதிச் சடங்கை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவசரமில்லை, ஆறுதலாகச் செய் என்று பிரெஞ்சில் சொன்னார்.

வீடியோவின் தரத்தைக் குறைத்துச் சிறிதாக்கினேன். பிறகு split -b 5m என்று தொடங்கும் வரியை அடித்தேன். அந்தக் கட்டளை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஐந்து எம்பி வந்ததும் வெட்டும், அவ்வளவுதான். பாட்டின் நடுவாக இருக்கலாம், யாருடைய முகத்தின் நடுவாகவும் இருக்கலாம். நாற்பதுக்குக் கிட்டத் துண்டுகள் வந்தன. ஏஏ, ஏபி, ஏசி என்று வால் முளைத்த பெயர்கள்.

ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு ஈமெயிலில் இணைத்து அனுப்பினேன். இடைவேளைக்குள் சிலதுதான் போகும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, நீலக் கோடு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாரங்களில் எனக்கு அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது. படிக்கட்டு ஏறினாலும் களைப்பு, ஒரு கோப்பை கழுவினாலும் களைப்பு.

மன்னாரில் தம்பி வேலை முடிந்து வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போவான். அங்கே ஒரு கொம்பியூட்டரில் இணையம் இருந்தது. பாதியில் கரண்ட் போகும், லைன் அறும், திரும்ப முதலிலிருந்து இறக்க வேண்டும். எல்லாம் வந்த பிறகு வரிசை மாறாமல் எப்படி ஒட்டுவது என்று அவனுக்கு எழுதியிருந்தேன். அதுவரை பொறு என்றும் எழுதியிருந்தேன்.

அவன் பொறுக்கவில்லை. ஒரு காலை நான் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, ஒட்டாமலே பாக்கலாம். கடைக்காரர் ஒவ்வொரு துண்டுக்கும் வீடியோவின்ர பேர் குடுத்துப் போட்டுக் காட்டினவர். முதல்ல கட்டம் கட்டமாக் கலங்குது, பேந்து ஓடுது."

"அப்ப பாத்தனியோ?"

"சனம் கார் பாக்கில நிக்குது. பேந்து உள்ள வந்து கோட்டுக் கழட்டுது. அம்மாவக் காணேல்லை. அம்மாவின்ர முகம் எந்தத் துண்டில அக்கா?"

"பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

அன்று மத்தியானம் சத்தத்தை அணைத்துவிட்டு, என் மேசையிலேயே துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஃபியூனரல் ஹோமின் கம்பளம், பூ வளையங்கள், செபமாலை சொல்லும் பெண்களின் வாய்கள். நான் நாலைந்து இடத்தில் வந்தேன். எல்லாவற்றிலும் கதிரை நகர்த்திக்கொண்டோ யாருக்கோ தேத்தண்ணி நீட்டிக்கொண்டோ இருந்தேன். பிறகு கமரா பெட்டியருகே போய் அசையாமல் நின்றது. அம்மா. நெற்றியில் சுருக்கம் எல்லாம் போயிருந்தது. அந்த முகத்தை அன்று நான் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். முகம் கழுவி வந்து, அந்தத் துண்டை அடுத்ததாக அனுப்பினேன்.

"அம்மா மெலிஞ்சு போனா" என்றான் தம்பி மறுநாள்.

மிச்சமும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசித் துண்டு போன அடுத்த நாள் நான் கூப்பிட்டபோது அவன் பதறிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கடைசித் துண்டு வரேல்லை. எல்லாத்தையும் ஒட்டிப் பாத்தாச்சு. பூசை முடியுது, பெட்டியக் காரில ஏத்தினம், அதோட நிக்குது. சேமக்காலை எங்க? மண் போட்டது எங்க?"

"அது இல்லை தம்பி."

"ஏன், எடுக்கேல்லையோ?"

சப்பாத்து வைக்கும் வாங்கில் உட்கார்ந்தேன்.

"இன்னும் மண் போடேல்லை. இஞ்ச மாரியில நிலம் உறைஞ்சு கல்லு மாதிரி, கிண்ட ஏலாது. பெட்டியச் சேமக்காலையில ஒரு கட்டடத்துக்குள்ள வச்சிருக்கினம். பனி கரைஞ்சாப் பிறகுதான் தாப்பினம்."

 

"அப்ப அம்மா இன்னும் மேலதான் இருக்கிறா?"

"ஓம்."

"தனியவோ?"

"இன்னும் ஆக்களும் இருக்கினம் தம்பி. மாரியில செத்த எல்லாரும்."

பனி கரைந்து, வைகாசியில் சேமக்காலையிலிருந்து தகவல் வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். வீடியோக்காரருக்குச் சொல்லிவிட்டதாகவும், இந்த முறை சிறிய துண்டுகளாக வெட்டுவதாகவும் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா" என்றான். "நீங்கள் களைச்சுப் போனியள். குரலிலயே தெரியுது. ஒண்டும் எடுக்க வேண்டாம். சும்மா போய் நிண்டிட்டு வாங்கோ."

சனிக்கிழமை போனோம். நானும் கணவரும் மகளும், செபம் சொல்லப் பங்குச் சுவாமியாரும். நிலம் ஈரமாக இருந்தது. பெட்டி இறங்கும்போது நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி நின்றேன், யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காமல். வீட்டுக்கு வந்து சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு, மத்தியானம் முழுக்கப் படுத்து நித்திரை கொண்டேன்.