தொட்டிக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா?

செல்வராசு இறந்துவிட்டார் என்று ஜீப் ஓட்டும் பழனி வந்து சொன்னபோது நான் சிரித்தேன். எங்கள் எஸ்டேட்டில் இப்படிக் கதை கட்டி ஆளை ஏமாற்றுவது உண்டு. கட்டுவதில் முதல் ஆள் நான்தான். பழனி சிரிக்கவில்லை.

"குப்பனூர் ஊட்டுலதானுங்கக்கா. காப்பி குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வெச்சாராம். அவ்வளவுதான்."

முந்தின நாள் சாயங்காலம் அவர் பஸ் ஏறும்போது, "பின்னாடி போய் உக்காருங்க தம்பி, முன்னாடி உக்காந்தா டிரைவருக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தருவீங்க" என்று கிண்டல் செய்திருந்தேன். கையைக் காட்டிவிட்டுப் போனவர். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைச்சோலைப் பக்கம் எங்கள் காப்பி எஸ்டேட்டில் அவர் எலக்ட்ரீசியன். என்னைவிட இளையவர். எனக்குக் கொட்டை கழுவும் வேலை. தோல் உரித்த காப்பிக் கொட்டையைத் தொட்டியில் ஊறவைப்போம். இரும்புத் துடுப்புகள் சுற்றிக் கழுவும். முன்பு சுவிட்சைப் போட ஆள் வேண்டும். அதைத் தானாக ஓடும்படி செல்வராசு மாற்றினார். நேரம் வந்தால் தண்ணீர் திறக்கும், துடுப்பு சுற்றும். ஆனால் நடுவில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். துடுப்பு சுற்றுவதற்கு முன் என் போனுக்கு அழைப்பு வரும். அவர் குரலையே பதிந்து வைத்திருந்தார்: "தொட்டிக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா? எட்டிப் பாத்துட்டு, இல்லீன்னா ஒண்ணை அழுத்துங்க." அழுத்தாவிட்டால் இயந்திரம் அசையாது.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "ஏனுங்க செல்வராசு, தானா ஓடத்தானே மாத்தச் சொன்னோம்? இது இந்தம்மாகிட்ட உத்தரவு கேட்டுட்டு நிக்குது."

"கேக்கட்டும் வுடுங்க சார்," என்றேன் நான். "எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. மெசினாச்சும் கேக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராசு மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "நேரம் ஆனது மெசினுக்குத் தெரியுமுங்க சார். உள்ள ஆளு இருக்கறது தெரியாதுங்க."

அப்புறம் ஒரு மழைநாளில் பழத்தோல் போய்க் குழாயை அடைத்துக்கொண்டது. தொட்டிக்குள் இறங்கி அதை வாரிக்கொண்டிருந்தேன்; நேரம் போனதே தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. "தொட்டிக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

வாய் முந்திக்கொண்டது. "நாந்தான் இருக்கறேன் தம்பி, மொழங்காலு வரைக்கும்."

சொல்லிச் சிரித்த பிறகுதான் இரண்டு பக்கமும் நின்ற துடுப்புகளைப் பார்த்தேன். விளிம்பைப் பிடித்து வெளியே ஏறினேன்.

மதியம் அவரிடம் சொன்னேன். தின்றுகொண்டிருந்த சோற்றுப் போசியை மூடி வைத்துவிட்டார். "மேனேஜர் சொல்றாருன்னு இந்த வாரம் அதை எடுத்துடலாம்னு இருந்தேனுங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு யார் சொல்லியும் எடுக்கவில்லை.

குப்பனூரில் அடக்கம் முடிந்து மலை ஏறும்போது மேனேஜர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தினமும் அவரு குரலைக் கேக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். நிறுத்திடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் சார். கேக்கட்டும்."

மறுநாள் காலை போன் அடித்தது. எடுத்தேன். நல்ல தெம்பான குரல், காய்ச்சல்கூட வந்தறியாத ஆளின் குரல். "தொட்டிக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தேன். ஊறின கொட்டை மட்டும் கிடந்தது.

"யாரும் இல்லீங்க தம்பி. நீங்க போங்க" என்று சொல்லி, ஒன்றை அழுத்தினேன்.