கார்னர் போஸ்ட்டை அறுத்தவர்கள்

1. மண்ணில் கிடந்தது

சனிக்கிழமை மதியம் திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் மானாவாரிக் காட்டுக்கு நடந்தேன். என் கன்டெய்னரின் வடகிழக்கு மூலையில் நின்ற கார்னர் போஸ்ட், அந்த மூலையைத் தாங்கும் இரும்புத்தூண், அறுபட்டுக் கரிசலில் கிடந்தது. அது இருந்த இடத்தில் சிலுவை செதுக்கிய வேப்பமர வாசல்நிலை ஒன்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பையை விட்டெறிந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டில் வெல்டர். இனிக் கப்பலில் ஏற்ற முடியாது என்று கழித்த இருபதடிப் பெட்டி ஒன்றை வாங்கி, லாரியில் ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். தங்கச்சி லீலாவுக்காக. புருஷன் செத்ததும் மாமியார் வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே காட்டில் இருந்த பெரியண்ணன் வீட்டில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒண்டியிருந்தாள். அண்ணன் காலையில் வெளியே கிளம்பும்வரை அவள் முன்வாசல் பக்கம் வரக்கூடாது. தாலியறுத்தவள் முகத்தில் முழித்தால் போகிற காரியம் விளங்காதாம்.

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதனால் ஆழமாக அஸ்திவார வானம் தோண்டி, நான்கு மூலைக்கும் கல்தூண் எழுப்பிப் பெட்டியை உட்கார வைத்தேன். சூடு இறங்காமலிருக்க மேலே பனஞ்சட்டம் அடுக்கி ஓலை வேய்ந்தேன். துருப்பிடித்த பழைய கதவை வெல்டு வைத்து மூடினேன். நீளப்பக்கத்தின் நடுவில் வாசலுக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, "வந்து நானே வெட்டுறேன், யாரும் தொடாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் டூட்டிக்குப் போனேன்.

2. ஈசானியம் பார்த்த கமிட்டி மெம்பர்

பெரியண்ணன் சர்ச் கமிட்டியில் இருப்பவர். ஊரார் ராகுகாலம் பார்ப்பதைக் கிண்டலடிப்பவர். வீடு என்று வந்தால் மட்டும் கொத்தனார் சொல்வதுதான் அவருக்கு வேதம்.

"யாரக் கேட்டுண்ணே அறுத்தீக?"

"நிலை வைக்காம என்னலே வீடு? ஈசானியத்துலதான் வாசல் வரணும்னாரு கொத்தனாரு. பாளையம்பட்டியில இருந்து கேஸ் கட்டிங் செட்டு கொண்டாந்து அறுத்து, பாஸ்டரக் கூப்பிட்டு செபம் பண்ணி வச்சிருக்கோம்."

"மொத்தப் பாரத்தையும் நாலு மூலைதான தாங்குது? ஒண்ண அறுத்துட்டா?"

"அதான் சுவரு இருக்குல்ல?"

சுவராம்! அது தகரம். பெட்டிமேல் பெட்டி அடுக்கினாலும் பாரத்தை வாங்குவது மூலைகள்தான். இங்கே பனஞ்சட்டத்தின் பாரத்தில் மேல்மூலை இறங்கி நிலையை அமுக்க, கதவு அசையாமல் சிக்கிக் கிடந்தது. லீலா அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரும்புப் பெட்டி வீடாகாதுன்னு அப்பவே சொன்னேன். எடைக்குப் போட்டுரு," என்றார் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூலை அண்ணன் வீட்டுக்கு மறுபுறம், ஓடைப் பக்கம் இருந்தது. அங்கே வாசல் வைத்தால் லீலா வருவதும் போவதும் அண்ணன் கண்ணில் படாது. ஈசானியமாவது மண்ணாவது!

3. வாசல்

மறுநாளே டவுனிலிருந்து ஜெனரேட்டர், வெல்டிங் செட், லாரி ஜாக்கி எல்லாம் இறக்கினேன். மேல்மூலையை ஜாக்கியால் தூக்கி நிறுத்தினேன்.

"நிலையப் பிடுங்காதலே, செபம் பண்ணி வச்சது!"

"செபத்த நீங்க வச்சுக்கங்க. போஸ்ட்ட நான் வச்சுக்கிறேன்."

நிலையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன். அறுத்த போஸ்ட்டைத் திரும்ப நிறுத்தி, சி-சேனல் இரும்பால் முட்டுக்கொடுத்து வெல்டு அடித்தேன். பிறகு வாசல் வெட்டச் சாக்பீஸ் கோட்டுக்குப் போனேன். லீலா குறுக்கே வந்தாள்.

"அங்க வேணாம் சின்னண்ணே."

பெட்டியைச் சுற்றி மறுபக்கம் போய், தகரத்தின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். அண்ணன் வீட்டு முன்வாசலுக்கு நேர் எதிர்.

"இங்க வெட்டுங்க. பெரியண்ணன் தெனமும் எம்மொகத்துலதான் முழிக்கணும்."

வெட்டினேன். என் சர்வீஸில் அவ்வளவு நேராக வேறெதையும் வெட்டியதில்லை.

வெல்டிங் பழகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெட்டியில் வாசலை எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கார்னர் போஸ்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். கோடு போடும் முன் குடியிருக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அண்ணன் அந்த வருஷமே தன் முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் புது வாசல் திறந்தார். அது என்ன திசை என்று கொத்தனாரிடம் கேட்கவே இல்லை.