அது என் செக்‌ஷன் இல்ல, சார்

என் தவறை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். அவர் செய்த உதவியையே அதற்குச் சாட்சியாக்கினேன்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பணியாளர் மேலாளராக இருந்தேன். வேலை செய்பவர்களின் மனநிலையைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவன். புதிதாகச் சேரும் பெண்களிடம், "இது உங்க கடைன்னு நினைச்சு வேலை பாருங்க" என்று நீட்டி முழக்குவேன். பட்டு மாடியில் விற்பனையிலிருந்த அந்தப் பெண் அப்படியெல்லாம் பேசியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர். அடுத்த கவுண்டரில் யாராவது திணறினால் தன் புடவைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார்.

ஒரு கல்யாண சீசனில் ஆள் போதவில்லை. அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைப் பயிற்சி கொடுக்காமலே பட்டில் நிறுத்தினேன். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், புடவையோடு சேர்ந்த ஜாக்கெட் துணியை வெட்டித் தரச் சொன்னார்கள். அவள் முந்தானைப் பக்கத்தை வெட்டிவிட்டாள்.

"முகூர்த்தப் புடவைடீ இது! அபசகுனமா வெட்டி வெச்சிருக்கியே!" என்று மணப்பெண்ணின் அம்மா கத்தினார்.

"ஏட்டி, அழாத. நான் பாத்துக்கிடுதேன்" என்று அந்தத் தூத்துக்குடிக்காரர் கத்தரிக்கோலை வாங்கி வைத்தார். அந்த அம்மாவை உட்காரவைத்தார். வடபழனிக் கிடங்குக்கு ஆள் அனுப்பி, அதே அரக்கு நிறத்தில் இன்னும் அகலக் கரை போட்ட புடவையை வரவழைத்தார். "தப்பானது போயி நல்லது வந்துட்டுன்னு நினைச்சுக்கோங்கம்மா." வந்தவர்கள் சிரித்தபடி போனார்கள்.

சாயங்காலம் முதலாளி கேட்டார்: "புதுப் பிள்ளைய யாரு பட்டுல நிறுத்துனது?"

"அந்தத் தூத்துக்குடி அம்மாதான் 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்க, அண்ணாச்சி" என்றேன். அவர் சொன்னது உண்மைதான். எப்போது சொன்னார் என்பதை மட்டும் மாற்றினேன்.

அவரைக் கீழ்த்தளத்தில் லைனிங் துணிக்கு மாற்றினார்கள். மறுநாள் காலையில் அங்கே போய் நின்றார்.

அதற்குப் பிறகு பட்டு மாடியில் யாரும் யாருக்கும் கைகொடுக்கவில்லை. ஒருத்தி புடவைக் குவியலுக்குள் தவிப்பாள். பக்கத்தில் இருப்பவள் சும்மா நிற்பாள். கேட்டால், "அது என் செக்‌ஷன் இல்ல, சார். போனா என்னையும் லைனிங்குக்கு அனுப்புறதுக்கா?" என்பாள். தங்கள் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார்கள். அதற்கு மேல் ஓர் அடி வைக்க, தவறிப்போனாலும் கடை தங்களைக் கைவிடாது என்ற தைரியம் வேண்டும். அதைத்தான் நான் பறித்திருந்தேன்.

பொறுக்க முடியாமல் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சத்தம் போட்டுட்டு விட்டிருப்பேனே, சார்வாள்" என்றார். மறுநாள் கடை திறக்குமுன் சாமி கும்பிடக் கூடியபோது, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சார். ஷட்டரத் திறக்கச் சொல்லுங்க, வெளிய ஆளுக நிக்காங்க" என்றார் அவர்.

அவர் பட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச நாளில் பழையபடி ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்க ஆசைப்பட்டு மேலே போனேன். படியில் என் தலை தெரிந்ததும், அடுத்த கவுண்டரில் மடிப்பு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் விருட்டென்று தன் இடத்துக்குப் போய்விட்டார். மற்றவர்களும் அப்படியே.

ஓய்வு பெறும்வரை, கூட்ட நேரத்தில் அந்த மாடிக்கு நான் போகவில்லை.